பிற்பகல் 3.12-க்கு நூற்றுப் பத்தொன்பதரை

டிராகன் ரயிலின் நுழைவாயிலில் குழந்தைகளின் உயரம் பார்ப்பவரை அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் எல்லோரும் ஸ்கேல் அக்கா என்றே அழைக்கிறார்கள். அவர் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் 47 என்ற எண் மட்டும் இருக்கிறது. வயது நாற்பத்தாறு. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நிற்கிறார். நாற்காலி கிடையாது. உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் வரிசையில் நிற்பவர்களுக்கு எரிச்சல் வரும் என்பது நிர்வாகத்தின் கண்டுபிடிப்பு.

அந்தப் பூங்காவின் புகார்ப் புத்தகத்தில் 212-ஆம் பக்கத்தில், "47-ஆம் எண் ஊழியருக்கு அளக்கத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறது. எழுதியவன் நான். அந்த வாக்கியம் பொய். அதை வைத்துக்கொண்டு அவரை என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. முதல் தப்பு என்னுடையது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஓர் அணையில் நீர்மட்டம் குறிக்கும் வேலை பார்த்தவன். தினமும் காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழையோ காய்ச்சலோ, ஆறு மணி என்றால் ஆறு மணி. ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்பது எங்கள் வேலையின் முதல் விதி. ஓய்வு பெற்ற பிறகு அளக்க அணை இல்லை, பேத்தி இருந்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஆறு மணிக்கு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருபவளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்துக் கோடு போடுவேன். ஐந்து ஆண்டுகளில் அறுபது கோடுகள்.

போன ஆண்டு விடுமுறைக்கு அந்தப் பூங்காவுக்குப் போனபோது அவள் உயரம் 114. டிராகன் ரயிலுக்கு 120 வேண்டும். வாயிலில் ஒரு கம்பம். 120-இல் ஒரு குறுக்குக் கட்டை. தலை கட்டையைத் தொட்டால் உள்ளே, தொடாவிட்டால் வெளியே. நாலு விரல் இடைவெளி இருந்தது. "அடுத்த வருஷம் வாம்மா" என்றார் ஸ்கேல் அக்கா. யார் வேண்டுமானாலும் சொல்லும் ஆறுதல்தான். என் பேத்தி அதைத் தேதி குறித்த அழைப்பாக எடுத்துக்கொண்டாள். ஆண்டு முழுவதும் மாடிப்படிக் கம்பியில் தொங்கினாள். பிடிக்காத பாலை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். "இப்படியே விட்டா ஒட்டகச்சிவிங்கி ஆயிடுவா மாமா" என்று என் மருமகன் கேலி செய்தார். இந்த ஆண்டு விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, முதல் தேதி காலை, 120.4 வந்தது. அந்த எண்ணைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லிப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாங்கள் நால்வரும், அதாவது மகள், மருமகன், பேத்தி, நான், பூங்காவின் விடுதியிலேயே இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்திருந்தோம். முதல் நாள் பிற்பகல் 3.12-க்கு வரிசையின் முன்னால் வந்து சேர்ந்தோம். பேத்தி தானாகவே செருப்பைக் கழற்றினாள், தலையிலிருந்த கிளிப்பை எடுத்தாள், குதிகாலைக் கம்பத்தோடு ஒட்டி நின்றாள். அளவு எடுப்பதில் அவளுக்கு அறுபது மாதப் பழக்கம். ஸ்கேல் அக்கா குனிந்து குதிகாலைப் பார்த்தார். மோவாயை ஒரு விரலால் நேராக்கினார். உள்ளங்கையைப் படுக்கையாகத் தலைமேல் வைத்துக் கட்டையோடு ஒப்பிட்டார்.

"அரை சென்டிமீட்டர் குறையுதும்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

நான் விடவில்லை. நாற்பது ஆண்டு பழகிய கையில் பிழை வராது என்ற திமிர் எனக்கு. சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அறுபதாவது கோட்டின் அளவைக் காட்டினேன்.

அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. வாங்கிப் படித்தார். "எத்தனை மணிக்கு அளந்தீங்க ஐயா?"

"ஆறு மணிக்கு. எப்பவும் ஆறு மணிதான்."

"அதாங்க. காலையில எந்திரிச்ச உடனே எல்லாரும் கொஞ்சம் நெட்டை. போகப் போகக் குறையும். நீங்க அளந்தது சரி, நான் அளந்ததும் சரி. ரயில்ல ஏறும்போது எவ்வளவு இருக்காளோ, எனக்கு அதுதான் கணக்கு."

இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. ஆனால் என் காதில் அது சால்ஜாப்பாகத்தான் விழுந்தது. நீர்மட்டம் குறையும், மனிதன் குறைவானா? பின்னால் யாரோ, "பெரியவரே, வரிசை நகரட்டும்" என்றார். பேத்தி அழவில்லை. செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அழுதிருந்தால்கூட நான் புகார் எழுதியிருக்க மாட்டேன்.

புகாரை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தேதி, நேரம், ஊழியர் எண், ஐந்தாண்டுப் பதிவின் சுருக்கம், கம்பத்தின் அடியில் தரை சமமாக இருக்கிறதா என்ற சந்தேகம் எல்லாம். கடைசியில்தான் அந்த வாக்கியம். கோபத்தில் எழுதியது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

மாலை ஆறு மணிக்கு அறைக்குத் திரும்பியதும், என் பக்கம் நியாயம் இருப்பதை மகளுக்கு நிரூபிக்கலாம் என்று கைப்பையிலிருந்த இரும்பு டேப்பை எடுத்தேன். குளியலறைக் கதவு நிலையில் பேத்தியை நிறுத்தினேன். 119.4. மறுபடி அளந்தேன். 119.4. டேப்பின் மீதே சந்தேகம் வந்து, பேத்தியின் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துச் சரிபார்த்தேன். டேப் சரியாகத்தான் இருந்தது. எண்ணையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மூவரையும் எழுப்பி, ஒருவர் பின் ஒருவராக அந்த நிலையில் நிறுத்தினேன். பேத்தி 120.4. ஒன்பது மணிக்கு மறுபடியும். பேத்தி 119.9. மருமகன் 172.6-லிருந்து 171.8-க்கு இறங்கியிருந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நூத்தி எழுபத்தி நாலுன்னு சொன்னாங்களேப்பா" என்றாள் மகள். "விடியக்காலையில கட்டில்ல இருந்து இறங்கவிடாம அளந்திருப்பாங்க போல."

"பத்து வருஷமா உங்க அப்பா முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு குறைஞ்சு போச்சு" என்றார் மருமகன்.

பேத்தி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். அப்பா குள்ளமாகிவிட்டார் என்பதில் அவளுக்கு ரயிலே மறந்துபோயிற்று. அந்த விடுமுறையிலேயே எல்லோரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அந்தக் குளியலறை வாசலில்தான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஸ்கேல் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் எழுதியதுதான் தவறு.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். அடியில் இருப்பது படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் செய்துவிடலாம் என்றுதான் 9.50-க்கு மேலாளரின் அறைக்குப் போனேன்.

மேலாளர் எழுந்து நின்று வரவேற்றார். "உங்க கம்ப்ளைண்ட் மேல உடனே ஆக்‌ஷன் எடுத்துட்டோம் சார். அவங்களை இன்னைக்கே செருப்பு கவுன்டருக்கு மாத்தியாச்சு. மாசக் கடைசியில கான்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்க வேணாம்னு எழுதிட்டேன்." மாதக் கடைசிக்கு இருபத்தேழு நாள் இருந்தது. பிறகு நாங்கள் வரிசையில் நிற்கத் தேவையில்லை என்று நான்கு மஞ்சள் கைப்பட்டைகளை மேசையில் வைத்தார்.

அவரைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா என்று கேட்டேன். கம்பத்தையாவது அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார்? அவங்க மேல ஏற்கெனவே பதினாலு கம்ப்ளைண்ட் இருக்கு. குழந்தையைத் திருப்பி அனுப்புறாங்கன்னு. ஆனா எல்லாம் சும்மா கோவத்துல கிறுக்கினது. உங்களை மாதிரி இவ்வளவு தெளிவா யாரும் எழுதலை. பேப்பர்லயே எல்லாம் இருந்துச்சு."

முப்பத்து நான்கு ஆண்டுகளில் என் எழுத்தை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. காது கூசிற்று. ஆறு மணி அளவையும் ஒன்பது மணி அளவையும் எடுத்துக் காட்டினேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், புத்தகத்தைக் கொடுங்கள், கோடு போட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றேன். பதிவான புகாரை மாற்ற வழியில்லை, அது "தீர்க்கப்பட்டது" என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றார். என் எண்களைப் பார்த்துச் சிரித்தார்.

"காலையில ஒரு உயரம், சாயங்காலம் ஒரு உயரமா? நான் என்ன ரப்பரா சார்?"

"கதவோரம் வந்து நில்லுங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் வந்து நின்றார். ஷூவைக் கழற்றச் சொன்னேன். காலுறையில் ஓட்டை இருந்ததைப் பார்க்காதது போல இருந்தேன். 168.3. நேரம் 10.05. தாளில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மாலை 5.10-க்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மஞ்சள் பட்டைகளை மேசையிலேயே விட்டேன். ஆனால் அவர் அதற்குள் ஆளனுப்பி வேறு நான்கு பட்டைகளை என் மருமகனிடம் சேர்த்திருந்தார். வாடிக்கையாளரின் மனம் குளிர்விப்பதில் அந்த மனிதருக்கு இருந்த வேகம், ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைக்கும் முன் ஒரு கேள்வி கேட்பதில் இல்லை.

என் மருமகன் பேத்தியை நேரே டிராகன் ரயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். கம்பத்தருகே புகைப்படக் கடையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய ஓர் ஆள். பேத்தி செருப்பைக் கழற்றினாள், கிளிப்பை எடுத்தாள், கம்பத்தில் சாய்ந்து நின்றாள். அந்த ஆள் போனைப் பார்த்தபடியே, "போ போ" என்று கை காட்டினார். அவளைவிட ஒரு சாண் குட்டையாக இருந்த இன்னொரு பிள்ளையையும் அதே கையால் அனுப்பினார். பேத்தி இரண்டடி உள்ளே போய் நின்றாள். பிறகு வரிசையை எதிர்த்துத் திரும்பி நடந்து வந்துவிட்டாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மருமகன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக இதற்காகத்தானே ஆசைப்பட்டாய், விட்டுவிட்டார்கள், போயேன் என்றார்.

"அவர் அளக்கவே இல்லப்பா."

"விட்டாச்சுல்லம்மா."

"அளக்காம எப்படி எனக்குத் தெரியும்?"

ஏழு வயதுக் குழந்தை கேட்ட இந்தக் கேள்வியை மேலாளர் கேட்கவில்லை, புகார் எழுதிய நானும் கேட்கவில்லை. "அந்த அக்காதான் பாக்கணும்" என்று அவள் சொன்னபோது, அவர் எங்கே இருக்கிறார், யாரால் அங்கே போனார் என்பதை மருமகனிடம் நான் சொல்ல வேண்டியதாயிற்று. மருமகன் தன் கையிலிருந்த மஞ்சள் பட்டையை அறுத்தெடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

செருப்பு கவுன்டர் என்பது நீர்விளையாட்டுக் குளங்களுக்கு முன்னால், வெயில் நேராக விழும் ஒரு தகரக் கூரை. ஈரச் செருப்புகளை வாங்கி எண் வில்லை கொடுக்க வேண்டும். ஸ்கேல் அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அன்று காலை வெயிலிலேயே அவர் முகம் கறுத்திருந்தது. நான் எழுதியதைச் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"படிச்சுக் காட்டினாங்க ஐயா. எழுத்து அழகா இருந்துச்சு."

குத்தலா, உண்மையாகவே சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான்.

அவர் யார் என்பதைக் கூட்டம் குறைந்த ஒரு மணி நேரத்தில்தான் தெரிந்துகொண்டேன். பதினேழு ஆண்டுகள் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அளவு சரிபார்ப்பவராக இருந்தவர். கை, காலர், தோள். அரை சென்டிமீட்டர் பிசகினால் சட்டையைத் தள்ளிவைக்க வேண்டும். தள்ளிவைத்தால் தைத்தவர் திட்டுவார், தள்ளிவைக்காவிட்டால் வாங்கியவர் திட்டுவார். அந்தப் பதினேழு ஆண்டுகளும் இரண்டு பக்கத் திட்டுக்கும் நடுவில்தான் நின்றாராம். துணி டேப் இழுபட்டு நீண்டுவிடும் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் கைக்காசில் புது டேப் வாங்கிவிடுவார். தொழிற்சாலை மூடியபோது பாக்கெட்டில் இருந்தது கடைசி டேப். அதற்குப் பிறகு இங்கே வந்தார். வீட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் கணவர், படிக்கும் மகள், படுக்கையிலிருக்கும் மாமியார்.

காலை மாலை வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவரும் அவரேதான். விடுதியில் தங்குகிற குழந்தைகளில் காலையில் ஏறியவர்கள் மாலையில் மறுபடி வந்தால் கட்டையைத் தொடாமல் நின்றார்கள். பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். தன் கைதான் தப்போ என்று பயந்து, மகளை ஒரு வாரம் தினமும் மூன்று வேளை அளந்து, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாராம். அதை மேலாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் அந்தத் தாளைத் திருப்பி, எந்த மாதத்துக் காலண்டர் என்று பார்த்துவிட்டுக் கொடுத்தாராம்.

"ஒரு அரை சென்டிமீட்டருக்கு எதுக்கு அக்கா அடம் பிடிக்கிறீங்கன்னு இங்க எல்லாரும் கேப்பாங்க" என்றார். "வேலைக்குச் சேந்த மூணாவது மாசம். ஒரு பொண்ணு, பொறந்தநாள் சட்டை போட்டுக்கிட்டு வந்தா. ரெண்டு சென்டிமீட்டர் குறைவு. அவங்க அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். விட்டுட்டேன். ரயில்ல தோள்ல உக்கார வேண்டிய பாதுகாப்புக் கம்பி அதுக்குக் கழுத்துல உக்காந்துடுச்சு. இறங்கும்போது நூல் கட்டின மாதிரி செவப்பாக் கோடு. பேச்சு வரலை, இருமிக்கிட்டே இருந்துச்சு." ஒரு ஜோடி ஈரச் செருப்பை வாங்கி வில்லை கொடுத்தார். "அந்த அப்பா என்கிட்ட வந்து நன்றி சொல்லிட்டுப் போனார்."

விட்டதற்கு நன்றி, விடாததற்குப் பதினைந்து புகார். பதினைந்தாவது என்னுடையது.

பேத்தி கவுன்டர் தூணில் சாய்ந்து நின்றுவிட்டாள். ஸ்கேல் அக்கா பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். மோவாயை ஒரு விரலால் நேராக்கினார். நேரம் 11.40.

"நூத்திப் பத்தொம்போது ஏழு. இல்லம்மா."

"தெரியும்" என்றாள் பேத்தி. ஆனால் நேற்றுப் போலச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. காலில் மாட்டிக்கொண்டு, நீர்ச்சறுக்குக்குப் போகலாம் என்று அப்பாவை இழுத்தாள்.

மாலை 5.10-க்கு மேலாளர் அறையில் இல்லை. காத்திருந்தேன். 5.35-க்கு வந்தார். வரவேற்பறையில் பத்துப் பேர் இருந்ததால் மறுக்க முடியாமல் நின்றார். 167.6. ஏழு மில்லிமீட்டர் குறைந்திருந்தார். காலையில் தான் போட்ட கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டேப் இழுத்திருக்கும் சார்" என்றார்.

இரும்பு டேப் எப்படி இழுக்கும் என்று கேட்டேன். தலைமை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். ஒரு மனிதரின் உயரத்தைப் பற்றித் தலைமை அலுவலகம் என்ன சொல்லும் என்று கேட்டேன். அவருக்குப் போன் வந்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு தலைமை அலுவலகத்துக்கு ஐந்து கடிதங்கள் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் மகள், மருமகன், பேத்தி மூவரின் அளவுகளும், மேலாளர் கையெழுத்திட்ட தாளின் நகலும், ஸ்கேல் அக்காவிடம் கேட்டு வாங்கிய காலண்டர் தாளின் நகலும் இருந்தன. மாதக் கடைசிக்கு நான்கு நாள் முன்பு ஒரு பதில் வந்தது. "மதிப்புமிக்க வாடிக்கையாளரான தங்களது வேண்டுகோளுக்கிணங்க 47-ஆம் எண் ஊழியரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, அவர் பழைய இடத்திலேயே அமர்த்தப்படுகிறார்."

மகள் சந்தோஷப்பட்டாள். எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நான் பொய் எழுதியபோதும் வேண்டுகோளுக்கு இணங்கினார்கள். உண்மையை எழுதியபோதும் வேண்டுகோளுக்கு இணங்கினார்கள். இரண்டு தடவையும் அந்தப் பெண் சரியாக அளந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு வேறு ஒரு கிழவன் அழகான கையெழுத்தில் பொய் எழுதினால் மறுபடி செருப்பு கவுன்டர்தான்.

இரண்டு மாதம் கழித்துப் பேத்தி 3.15-க்கு அந்தக் கம்பத்தில் நின்றாள். தலை கட்டையை இடித்தது. ஸ்கேல் அக்கா சிரிக்கவில்லை. குதிகாலைப் பார்த்தார், மோவாயை நேராக்கினார், ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுத்தான், "போம்மா" என்றார். நான் பக்கத்தில் நின்று ஏதோ சொல்லப் போனேன். "கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க ஐயா, வரிசையை மறைக்குது" என்றார்.

புகார்ப் புத்தகத்தில் கோடு போடலாம் என்று அன்றும் அலுவலகத்துக்குப் போனேன். புத்தகத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் ஒரு திரை. அதில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள். எதைத் தொட்டாலும் நன்றி என்கிறது. பழைய புத்தகம் ஏதோ கிடங்கில், 212-ஆம் பக்கத்தில் என் வாக்கியத்தோடு, கோடு விழாமல் கிடக்கிறது.

ஆகவே அதைப் படித்தவர்கள் இதையும் படிக்க வேண்டும். "47-ஆம் எண் ஊழியருக்கு அளக்கத் தெரியவில்லை" என்பதன் மேல் இங்கே ஒற்றைக் கோடு போட்டிருக்கிறேன். சரியான பதிவு இது: பிற்பகல் 3.12-க்கு என் பேத்தியின் உயரம் நூற்றுப் பத்தொன்பதரை. அளந்தவர் சரியாகவே அளந்தார்.